சிங்கப்பூர் போய் வந்த பிறகு கொழும்பு வெள்ளவத்தையில எல்லாரும் கேட்ட கேள்விகள்

போன வருசம் பள்ளிக்கூட லீவில அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஏழு நாள் சிங்கப்பூர் போய் வந்தனான். அம்மாவுக்கு 76 வயசு, ரெண்டு முழங்காலும் நோ, பொல்லோடதான் நடப்பா. வந்த நாளில இருந்து லிஃப்டுக்குள்ள, கோயில் வாசல்ல, கலியாண வீட்டில எண்டு காணுற எல்லாரும் ஒரே கேள்வியளத்தான் கேக்கினம், அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு யோசிச்சன்.

உண்மையிலேயே சொல்லுற அளவுக்கு சுத்தமா?

ஓம், சுத்தம்தான். ஆனா நான் நினைச்சுப் போன மாதிரி பளபளப்புச் சுத்தம் இல்லை. முதல்ல எனக்கு விளங்கினது கண்ணால இல்லை, மூக்கால. தேக்கா மார்க்கெட்டுக்குள்ள மீன் வெட்டுற பக்கம் போனம், தரை ஈரம், சனம் நெரியுது, மீன் மணம் இருக்கு, ஆனா அழுகின மணம் இல்லை. எங்கட மார்க்கெட்டுக்குள்ள போகேக்க சீலைத் தலைப்பை மூக்கில பிடிச்சே பழகின அம்மா, அங்க ஒரு மீன் கடைக்காரரோட நிண்டு பத்து நிமிசம் விளைமீன் கதை கதைச்சா.

எல்லா இடமும் அப்பிடி எண்டு சொன்னா அது பொய். ஞாயிறு இரவு லிட்டில் இந்தியா எண்ட இந்தியர் கடைத்தெருப் பக்கம் கப், பிளாஸ்டிக் பை எல்லாம் கிடந்தது. நாங்கள் தங்கின வீடு ஒரு அடுக்குமாடி, எனக்கு விடிய எழும்புற பழக்கம், ஆறரைக்கு கீழ இறங்கினா புல்லுக்குள்ள சிகரெட் கட்டை, டிஷ்யூ, ஆரோ குடிச்சுப்போட்டு வைச்ச டின். ஏழரைக்கு திரும்பி வரேக்க ஒண்டும் இல்லை. இடையில ஒரு வயசான மனிசன் தும்புத்தடியும் இடுக்கியும் கொண்டு வந்து ஒவ்வொண்டாப் பொறுக்கினதை நான் நிண்டு பாத்தனான். அதோட என்ர மனசில இருந்த சிங்கப்பூர் மாறிப்போச்சு. அது சுத்தமான ஊர் எண்டதை விட தினமும் சுத்தமாக்குற ஊர், அங்க இருக்கிற ஆக்களே அப்பிடித்தான் சொல்லினம்.

பைன் அடிப்பாங்கள் எண்ட பயத்திலதானே எல்லாரும் ஒழுங்கா இருக்கினம்?

இதைத்தான் கூடக் கேக்கினம். பைன் இருக்கு, கடுமையாவும் இருக்கு. ரோட்டில குப்பை போட்டு பிடிபட்டா முதல் தரமே 300 சிங்கப்பூர் டொலர் கட்டச் சொல்லுவினம், கோர்ட்டுக்குப் போனா 2000 டொலர் வரைக்கும் போகலாம், திரும்பத் திரும்ப செய்யிற ஆக்களை வெளிச்சமான நிறத்தில மேற்சட்டை போட்டு பொது இடத்தில கூட்ட விடுற சட்டம் 1992ல வந்தது. ட்ரெயினுக்குள்ள சாப்பிட்டாலோ குடிச்சாலோ 500 டொலர் எண்டு போர்டிலயே எழுதியிருக்கு. ஆனா ஏழு நாளில நான் சீருடையோட கண்ட பொலிஸ்காரரை ஒரு கை விரலில எண்ணலாம்.

பயம் மட்டும் காணும் எண்டா எங்கட ஊரிலயும் சட்டம் இருக்குதானே. அங்க நான் பாத்த வித்தியாசம் என்னெண்டா, கையில ஒரு வெறும் போத்தில் இருந்தா அதைப் போடுறதுக்கு ஒரு குப்பை வாளி எப்பிடியும் கண்ணில படும், அந்த வாளி நிரம்பி வழியாது, ஏனெண்டா எடுக்கிற ஆள் சொன்ன நேரத்துக்கு வருவார். இந்த மூண்டில ஒண்டு இல்லையெண்டாலும் எவ்வளவு நல்ல மனிசனும் கடைசியில போத்திலை மதிலுக்கு மேல வைச்சிட்டுத்தான் போவான். நானே கொழும்பு காலி வீதியில அப்பிடி வைச்சிருக்கிறன், பிறகு மனசு குத்தும்.

அதோட இது ஒரு நாளில வந்ததும் இல்லை. நாட்டைச் சுத்தமா வைச்சிருங்கோ எண்ட பெரிய பிரச்சாரத்தை 1968 ஒக்டோபரில தொடங்கினவை, அதுக்கு முதல் அவையும் சேரியும் நாத்தக் கானும் வாளிக் கக்கூசுமாத்தான் இருந்தவை. இதை ஆரும் நம்பாட்டி ஆத்தின்ர கதையைக் கேளுங்கோ.

ஆத்தின்ர கதையா, அது என்ன?

மகனுக்கு போட் சவாரி வேணும் எண்டு சிங்கப்பூர் ஆத்தில போனம். ரெண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடை, பழைய கிட்டங்கிக் கட்டிடங்களை வடிவா நிறம் பூசி வைச்சிருக்கினம், தண்ணியில ஒரு மணமும் இல்லை. 1970களில இந்த ஆறு கறுப்பா நாறிக்கொண்டு இருந்ததாம். மேல பண்டிப் பண்ணை, தாராப் பண்ணை, கரையில குடிசையள், ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையளின்ர கழிவு, வள்ளங்களின்ர எண்ணெய், எல்லாம் ஒண்டா அதுக்குள்ளதான். 1977ல அப்ப பிரதமரா இருந்த லீ குவான் யூ பத்து வருசத்துக்குள்ள இந்த ஆத்தில மீன் பிடிக்கக்கூடியதா இருக்கோணும் எண்டு சொல்ல, 1987ல செய்து முடிச்சவை.

என்ன செய்தவை எண்டு பாருங்கோ, அதுதான் முக்கியம். தண்ணிக்குள்ள மருந்து ஊத்தினதோட விடேல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுக்குமாடியில வீடு குடுத்து எழுப்பினவை, ரோட்டோரக் கடைக்காரரை தண்ணிக் குழாயும் கழிவுக் குழாயும் உள்ள கூரைக்குக் கீழ கொண்டு போனவை, பண்ணையளை மூடினவை, வள்ளங்களை பாசிர் பஞ்சாங் பக்கம் அனுப்பினவை, கடைசியிலதான் அடியில கிடந்த சேத்தை அள்ளினவை. அதில வாழ்க்கை குழம்பிப்போன ஆக்களும் இருந்திருப்பினம், பரம்பரையா பண்ணை வைச்சிருந்தவனுக்கு அது சின்ன விசயம் இல்லை. ஆனாலும் அழுக்கு எங்க இருந்து வருதோ அங்க போய் நிண்டிருக்கினம்.

நான் போட்டில இருந்து வெள்ளவத்தை கால்வாயத்தான் நினைச்சன். கொழும்பு நடுவில இருக்கிற பேர வாவி சில மாசத்தில பச்சை பூத்து நாறும், பத்திரிகையில படம் வரும், எல்லாரும் கதைப்பம், பிறகு மழை வர மறந்திடுவம். மறக்காம பத்து வருசம் ஒரே வேலையில நிக்கிறதுதான் அங்க நடந்தது.

அவ்வளவு குப்பையும் எங்க போகுது?

பெரும்பாலும் எரிக்கினம். அடுக்குமாடி வீட்டில குப்பை போடுறதுக்கு ஒரு குழாய் இருக்கு, கட்டிப் போட்டா கீழ போய் விழும், லொறி எடுத்துக்கொண்டு போய் எரிக்கிற ஆலையில குடுக்கும், அந்தச் சூட்டில கரண்டும் எடுக்கினம். மிஞ்சுற சாம்பலை பார்ஜில ஏத்தி கடலுக்குள்ள செமகாவ் எண்ட தீவுக்குக் கொண்டு போயினம், 1999ல இருந்து அது நடக்குது. அதுவும் 2035 அளவில நிரம்பிடும் எண்டு அவையே கவலைப்படினம், அதால குப்பையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கினம். எண்டாலும் பிளாஸ்டிக் பை பாவிக்கிறது அங்கயும் சரியான கூட, அது எனக்குப் பிடிக்கேல்ல.

இதைக் கேக்கேக்க எனக்கு மீதொட்டமுல்லதான் ஞாபகம் வந்தது. 2017 ஏப்ரல் 14, வருசப் பிறப்பு நாள், பலகாரம் சுட்டு முடிச்சு வீட்டில இருந்த சனத்தின்ர மேல கொழும்புக் குப்பை மலை சரிஞ்சு விழுந்து 30க்கு மேல உயிர் போனது. அந்த மலையில என்ர வீட்டுக் குப்பையும் இருந்தது, வெள்ளவத்தையில இருக்கிற எல்லாற்ற வீட்டுக் குப்பையும் இருந்தது. அதுக்குப் பிறகு கெரவலப்பிட்டியவில 2021ல குப்பையில கரண்ட் எடுக்கிற ஆலை தொடங்கினது, அது நல்ல விசயம். ஆனா ஈரக் குப்பையையும் காஞ்ச குப்பையையும் வீட்டில பிரிச்சு வையுங்கோ எண்டா எங்கட அடுக்குமாடியில இப்பவும் பாதிப் பேர் செய்யிறேல்ல, இதை நான் கோவத்தில இல்லை கெஞ்சித்தான் சொல்லுறன்.

நடக்க ஏலாத அம்மாவை எப்பிடிக் கூட்டிக்கொண்டு திரிஞ்சியள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையாப் பதில் சொல்லுவன். மூண்டு வருசத்துக்கு முதல் அம்மா இஞ்ச கோயிலுக்குப் போகேக்க கான் மூடியிருந்த சிலாப் உடைஞ்சு கால் உள்ள போய் விழுந்தவ. எலும்பு முறியேல்ல, ஆனா பயம் பிடிச்சிட்டுது. அதுக்குப் பிறகு வீடு, ஓட்டோ, ஆஸ்பத்திரி, வீடு. கடற்கரை எங்கட வீட்டில இருந்து எட்டு நிமிச நடை, ரெண்டு வருசமா அவ கடல் பாக்கேல்ல.

சிங்கப்பூரில நாங்கள் டக்சி எடுத்தது ரெண்டே தரம். மிச்சம் எல்லாம் பஸ்ஸும் எம்.ஆர்.டி எண்டு சொல்லுற நகர ரெயிலும்தான். எம்.ஆர்.டி 1987ல தொடங்கினது, எல்லா ஸ்டேசனிலயும் லிஃப்ட் இருக்கு, ட்ரெயினுக்கும் மேடைக்கும் இடையில பொல்லு மாட்டுற அளவுக்கு இடைவெளி இல்லை. பஸ் தாழ்வா வந்து நிக்கும், சக்கர நாற்காலி எண்டா டிரைவரே இறங்கி வந்து பலகையை விரிச்சு விடுவார், உள்ள இருக்கிற ஒருத்தரும் உச்சுக் கொட்டேல்ல. அம்மா ஏறி இருக்கிற மட்டும் பஸ் அசையாது. கொழும்பில 101 பஸ்ஸில ஒரு கால் படியில ஒரு கால் ரோட்டில இருக்கேக்கயே பஸ் வெளிக்கிட்டுப் பழகின மனிசி, முதல் நாள் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே நிண்டா, டிரைவர் கண்ணாடியால பாத்து பொறுமையா இருங்கோ இருங்கோ எண்டு கையால காட்டினார்.

ரோட்டுக் கடக்கிற இடத்தில ஒரு பெட்டி இருக்கு, அந்த ஊர் வயசான ஆக்கள் தங்கட கார்டை அதில தொட்டா பச்சை லைட் இன்னும் சில செக்கன் கூட எரியும். அம்மாட்ட அந்தக் கார்ட் இல்லை, ஆனா பக்கத்தில நிண்ட ஒரு சீன ஆச்சி பொல்லைப் பாத்திட்டு தன்ர கார்டைத் தொட்டு அம்மாட கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாசையும் இல்லை.

அடுக்குமாடியில இருந்து பஸ் ஹோல்ட் வரைக்கும் மேல கூரை போட்ட நடைபாதை, மழை பெய்தாலும் நனையாது. அடுக்குமாடியின்ர கீழ்த்தளத்தை வீடு கட்டாம வெறுமையா விட்டு வாங்கு போட்டிருக்கினம், பின்னேரம் கிழவர்மார் இருந்து காய் விளையாடுவினம், அதே இடத்தில கலியாணமும் நடக்கும் செத்த வீடும் நடக்கும். நாலாம் நாள் நான் குளிச்சிட்டு வர அம்மாவைக் காணேல்ல, பதறிப்போய் கீழ ஓடினா, அங்க வாங்கில இருந்து மலாய்க்காரப் பிள்ளையள் சைக்கிள் ஓடுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. தனிய லிஃப்டில இறங்கி தனிய நடந்து வந்திருக்கிறா. எனக்கு கண் கலங்கிட்டுது, அங்கயே இருந்திட்டன்.

சாப்பாடு எப்பிடி, விலை கூடவா?

ஹோட்டலுக்குள்ள போனா விலை. ஹோக்கர் சென்டர் எண்டு சொல்லுற பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில நாலு அஞ்சு டொலருக்கு வயிறு நிறையும், எங்கட காசில ஒரு சிங்கப்பூர் டொலர் 220 ரூபாக்கு மேல எண்டதால அதுவும் எங்களுக்கு கூடத்தான், பெருக்கிப் பாத்து பாத்துச் சாப்பிட்டா இறங்காது, ரெண்டாம் நாளோட நான் பெருக்கிறதை விட்டிட்டன். ரோட்டோரத்தில கிடந்த கடையளைத்தான் இந்தக் கூடங்களுக்குள்ள கொண்டு வந்தவை, 2020ல யுனெஸ்கோ அந்தச் சாப்பாட்டுப் பண்பாட்டை பாரம்பரியப் பட்டியல்ல சேத்தது. சாப்பிட்ட தட்டை நாங்களே கொண்டு போய் வைக்கோணும், 2021ல இருந்து அது கட்டாயம். வெள்ளிக்கிழமை மரக்கறி எண்ட ஆக்கள் சிராங்கூன் ரோட்டில கோமள விலாஸுக்குப் போகலாம், 1947ல இருந்து நடக்குது. இடியப்பத்தை சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு புட்டு மாயம் எண்டு விக்கினம், சொதி இல்லாம என்ன இடியப்பம் எண்டு அம்மா கேட்டா, நானும் அதுக்கு ஆதரவுதான்.

தமிழ் கதைச்சா விளங்குமா?

நாலு ஆட்சி மொழியில தமிழ் ஒண்டு. எங்கட நோட்டில மாதிரியே அவையட நோட்டிலயும் தமிழ் இருக்கு, ட்ரெயினுக்குள்ள தமிழில அறிவிப்பு வருது, 1935ல தொடங்கின தமிழ் முரசு இப்பவும் வருது. ஆனா எல்லாரும் தமிழ் கதைப்பினம் எண்டு நினைச்சுப் போகாதேங்கோ, இளசுகள் கூடுதலா இங்கிலிஸ்தான்.

எங்கட ஆக்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் கத்தோங் பக்கம் இருக்கிற சிலோன் ரோட், அங்க செண்பக விநாயகர் கோயில். செண்பக மரத்தடியில கண்டெடுத்த பிள்ளையார் எண்டு சொல்லுவினம், இலங்கையில இருந்து அந்தக் காலத்தில ரெயில்வேக்கும் கந்தோர் வேலைக்கும் போன ஆக்கள் கட்டி வளத்த கோயில். அம்மா திருநீறு பூசிக்கொண்டு நிக்க, ஒரு அம்மா வந்து எந்த ஊர் எண்டு கேட்டா, இவ கொழும்பு எண்டு சொல்ல, இல்லை சொந்த ஊர் எது எண்டு திரும்பக் கேட்டா. பிறகென்ன, ரெண்டு பேரும் அரை மணித்தியாலம். அந்த அம்மா சிங்கப்பூரிலயே பிறந்தவ, யாழ்ப்பாணத்தை ஒரு தரம்தான் கண்டவ, ஆனா ஊர்ப் பேரும் குறிச்சிப் பேரும் பிழையில்லாமச் சொன்னா. சிங்கப்பூரின்ர முதல் வெளிநாட்டமைச்சர் ராஜரத்தினம் 1915ல வட்டுக்கோட்டையில பிறந்தவர், பள்ளிக்கூடங்களில பிள்ளையள் சொல்லுற உறுதிமொழியை எழுதினவரும் அவர்தான். இப்ப ஜனாதிபதியா இருக்கிற தர்மன் சண்முகரத்தினமும் யாழ்ப்பாண வம்சாவளி. அந்த அம்மா இதையெல்லாம் தன்ர வீட்டுப் பிள்ளையளின்ர கதை மாதிரிச் சொன்னா.

விசா வேணுமா? என்ன கொண்டு போகக் கூடாது?

இலங்கைப் பாஸ்போட்டுக்கு குறுகிய பயணத்துக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. போறதுக்கு மூண்டு நாளுக்குள்ள இன்டர்நெட்டில வருகைக் கார்ட் ஒண்டு நிரப்போணும், அது இலவசம், காசு கேக்கிற இணையத்தளத்துக்குள்ள போயிடாதேங்கோ. பறக்கிற நேரம் நாலு மணித்தியாலத்துக்குள்ள, அவையட மணிக்கூடு எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. சூயிங்கம், வேப் எண்ட மின்சிகரெட், வாய்ப் போயிலை கொண்டு போகாதேங்கோ, சிகரெட்டுக்கு ஒண்டுக்குக் கூட வரி இருக்கு. வெத்திலை போடுற அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போறவை முதலே சொல்லி வையுங்கோ, துப்பினா பைன்.

பிடிக்காத விசயம் ஒண்டும் இல்லையா?

இருக்கு. சாப்பாட்டுக் கூடத்தில மேசை துடைக்கிற ஆக்களில கன பேர் என்ர அம்மாட வயசு. ஒரு ஆச்சி குனிஞ்சு துடைக்கேக்க அம்மா தன்ர தட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டே இருந்தா, பிறகு சாப்பிடவே இல்லை. விரும்பித்தான் செய்யினம் எண்டு சிலர் சொல்லினம், தேவைக்காகச் செய்யிற ஆக்களும் இருப்பினம்.

மற்றது, விடிய லொறிக்குப் பின்னால தொழிலாளரை ஏத்திக்கொண்டு போறது. பங்களாதேஷ், தமிழ்நாட்டுப் பிள்ளையள். லிட்டில் இந்தியாவில ஒரு தம்பியோட கதைச்சனான், புதுக்கோட்டைப் பக்கம், கட்டிட வேலை, ரெண்டு வருசமா வீட்டுக்குப் போகேல்லயாம், மகள் பிறந்ததை போனிலதான் பாத்தவராம். 2020 கொரோனா நேரம் அவையட விடுதியளிலதான் அங்க ஆகக் கூடப் பரவினது. நாங்கள் நடந்த அந்த வடிவான நடைபாதையை இந்தக் கையள்தான் போட்டிருக்கு. அதைச் சொல்லாம சிங்கப்பூரைப் புகழ எனக்கு மனம் வரேல்ல.

கொழும்பும் அப்பிடி வருமா?

1956ல லீ குவான் யூ கொழும்புக்கு வந்து கால் ஃபேஸ் ஹோட்டல்ல தங்கினவர், இந்த நகரத்தின்ர கட்டிடங்களைப் பாத்து மதிச்சதைப் பிறகு அவரே எழுதியிருக்கிறார். அப்ப எங்களிட்ட இல்லாத ஒண்டும் அவையிட்ட இருக்கேல்ல. அதே வெயில், அதே மழை, டெங்கு நுளம்பு கூட அதேதான். அங்க ரோட்டுக்கு ரோட்டு நிழல் தாற தூங்குமூஞ்சி மரம் எங்கட கொழும்பு கறுவாத்தோட்டப் பகுதியிலயும் நிக்குது, எங்கடது இன்னும் பெரிசு.

அதனால வருமோ எண்டு கேட்டா, வரலாம் எண்டுதான் சொல்லுவன். ஆனா உயரமான கட்டிடத்தைப் பாத்து சிங்கப்பூர் மாதிரி வருது எண்டு சொல்லுற ஆக்களோட எனக்கு உடன்பாடு இல்லை. தாமரைக் கோபுரம் வந்திட்டுது, துறைமுக நகரத்துக்கு கடலையே நிரப்பியாச்சு, மாலபேயில இருந்து கொழும்புக் கோட்டைக்கு வர இருந்த இலகு ரெயில் 2020ல நிப்பாட்டிப் போட்டினம். எனக்கு வேண்டியது அம்மா விழுந்த அந்த சிலாப் மாதிரி உடைஞ்சதெல்லாம் மாத்துறதும், பஸ் நிண்டு ஏத்துறதும்தான்.

வயசான ஆக்களோட போனா எங்க போறது நல்லம்?

தாவரவியல் பூங்காவுக்கு ஒரு முழு விடியக்காலை வையுங்கோ, உள்ள போக காசு இல்லை, ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். கார்டன்ஸ் பை த பே எண்ட பூங்காவில இரவு லைட் போடுறதை கீழ இருந்து பாக்கவும் காசு இல்லை. எயார்போட்டில ஜுவல் எண்ட கட்டிடத்துக்குள்ள 40 மீற்றர் உயரத்தில இருந்து தண்ணி கொட்டுது, திரும்பி வாற நாள் ரெண்டு மணித்தியாலம் முந்திப் போனா ஆறுதலா இருந்து பாக்கலாம். செந்தோசா எண்ட பொழுதுபோக்குத் தீவை நாங்கள் விட்டிட்டம், மகன் இன்னும் கோவம்.

அம்மா இப்ப எப்பிடி, திரும்பப் போக ஆசையா?

திரும்பப் போறதைப் பற்றி அவ ஒண்டும் கேக்கேல்ல. வந்து ரெண்டாம் கிழமை ஒரு பின்னேரம் பொல்லை எடுத்துக்கொண்டு வந்து கடற்கரைக்குப் போவம் எண்டா. நான் முதல்ல தனியப் போய் வழியைப் பாத்து வந்தன், எந்த இடத்தில சிலாப் ஆடுது, எங்க ஓட்டோ நிப்பாட்டி வைச்சிருக்கினம், எங்க ரோட்டுக்கு இறங்கோணும் எண்டு. எட்டு நிமிச வழி, நாங்கள் போய்ச் சேர இருபத்தஞ்சு நிமிசம். மரைன் டிரைவில மதிலோட இருந்து ரெயில் போறதையும் கடலையும் இருட்டுற மட்டும் பாத்தம். இப்ப ஞாயிற்றுக்கிழமையில போறம், மகன் முன்னுக்கு நடந்து அம்மம்மா இதில கவனம் எண்டு சொல்லிக்கொண்டு போவான்.